இல்லைக்கு நேரே ஒரு புள்ளடி

பாலையூற்று,
திருகோணமலை.
08.01.2025

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த மருமகன் டிலக்ஷன் அவர்கட்கு,

உங்கள் மாமா எஸ். பற்றிக் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையினால் நானும் உங்கள் மாமி மாகிரட்டும் இங்கே சுகம் என்றும், அதுபோல் நீங்களும் மகள் அஞ்சலினாவும் அங்கே சுகமாக இருக்க மன்றாடுகிறோம் என்றும் முதலில் எழுத வேண்டியது முறை. முறையை எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் அனுப்பக் காரணம், வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே போன் மாமியின் கையில் இருக்கிறது. நான் அனுப்புவது எதுவானாலும் அது போய்ச் சேர முதலே அவர் வாசித்துவிடுகிறார். ஆகவே இந்தக் கடிதம் உங்கள் கண்ணுக்கு மட்டும். அஞ்சலினாவுக்கும் காட்ட வேண்டாம். அவளுக்குக் காட்டினால் அன்றைக்குப் பின்னேரமே மாமிக்குச் செய்தி வந்துவிடும்.

நடந்த எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தொடக்கி வைத்தது நீங்கள்தான். போன நவம்பரில் அந்த வெளிநாட்டில் உங்கள் மாநிலத்துத் தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டு (அந்த மாநிலத்தின் பெயரை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன், மூன்று விதமாக வந்தது, விட்டுவிட்டேன்) மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, நினைவிருக்கிறதா? முன்பக்கத்தில் ஆட்களின் பெயர். பின்பக்கத்தைத் திருப்பினால் கேள்வி! இந்தச் சட்டம் வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. அந்தச் சட்டம் வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. "இஞ்சை ஆளைத் தெரியிறதோட விடமாட்டினம் மாமா, காரியத்தையும் சனத்திட்டக் கேட்டுத்தான் செய்வினம்" என்று நீங்கள் குரல் பதிவும் போட்டிருந்தீர்கள். அந்தக் குரல் பதிவை நான் ஒன்பது தரம் கேட்டேன். என் கெட்ட காலம், மாமியும் பக்கத்தில் இருந்து ஒன்பது தரம் கேட்டார்.

எங்கள் உட்துறைமுக வீதி ஓய்வூதியர் நலன்புரிச் சங்கத்தை நீங்கள் கலியாணத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். நாற்பத்து மூன்று உறுப்பினர். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு மூட்டில் நோ. பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நிர்வாகத் தெரிவு நடக்கும். நடக்கும் என்றால், தலைவர் குலசிங்கம் மாஸ்ரர் எழும்பி, "போன முறை இருந்த ஆக்களே இருக்கட்டுமோ?" என்று கேட்பார். எல்லோரும் கையை உயர்த்துவார்கள். குசினிப் பக்கத்தால் மாமியும் மற்ற உறுப்பினர்களின் மனைவிமாரும் தேத்தண்ணியும் பட்டிஸும் கொண்டு வருவார்கள். பதினேழு நிமிடத்தில் ஜனநாயகம் முடிந்துவிடும். அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சங்கத்தில் நான் டிசம்பர் கூட்டத்தில் எழும்பி நின்று, "நாடு அடுத்தடுத்து ரெண்டு தேர்தல் கண்டிட்டுது. எங்கட மருமகன்ர மாநிலத்தில வாக்குச்சீட்டிலேயே கேள்வி கேக்கினம். எங்களுக்கும் அச்சடிச்ச சீட்டு வேணும், அதில கேள்வியும் வேணும்" என்று பிரேரித்தேன். கைதட்டல் வந்தது மருமகன். எனக்குக் கைதட்டல் வந்து எவ்வளவோ காலம். அந்த மயக்கத்தில் வீட்டுக்கு வந்தேன்.

பதவிகளுக்கு வழமைபோல் எதிர்ப்போட்டி இல்லை, ஆகவே சீட்டில் கேள்விகள் மட்டும். வீட்டில் சீட்டின் வாசகத்தை நான் சொல்லச் சொல்ல மாமி எழுதினார். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும்தானே, இந்தக் கடிதத்தை இதுவரை வாசித்து வந்ததற்கே உங்களுக்கு நன்றி. முதலாம் கேள்வி: மான்கள் மண்டபத்துக்குள் வராமல் இருக்க வாசலுக்குச் சின்னக் கேற் போட வேண்டுமா? (கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போது பஸ் நிலையம், கடைத்தெரு, எங்கள் மண்டபம் எல்லாம் கேட்டுக் கேள்வியில்லாமல் வந்து போகின்றன. போன ஆடி மாதக் கூட்டக் குறிப்பில் பாதியைச் சாப்பிட்டது ஒரு பெட்டை மான்.) இரண்டாம் கேள்வி: கூட்டங்களுக்குப் பட்டிஸுக்குப் பதிலாக ரோல்ஸ் கொடுக்க வேண்டுமா? அவ்வளவுதான் என்று நான் எழும்பினேன். மாமி பேனையைக் கீழே வைக்கவில்லை.

"மூண்டாவது கேள்வி என்ன?" என்றார்.

"மூண்டாவது இல்லை."

"இருக்கு. எழுதிப்போட்டன்."

வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் கேள்வி: உறுப்பினர்களின் மனைவிமாரும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட வேண்டுமா? முத்து முத்தான எழுத்து. நான், "இஞ்சேரும், இதென்ன புதுக் கரைச்சல்?" என்றேன். அதற்கு அவர் குரலை உயர்த்தாமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினொரு வருசமா உங்கட சங்கத்தின்ர கூட்டக் குறிப்பு எழுதிறது ஆர்? நீங்கள் சொல்லுவியள், நான் எழுதுவன். கையெழுத்து மட்டும் உங்கட. அறிவித்தல் எழுதிறது நான். மரண வீட்டுக்கு அனுதாபக் கடிதம் எழுதிறது நான். ஆனா கூட்டம் தொடங்கினா நான் கேத்திலோட குசினிக்க நிக்க வேணும். சனத்திட்டக் கேட்டுத்தான் செய்வினம் எண்டு மருமகன் ஒன்பது தரம் சொன்னவரெல்லோ? கேட்டுப் பாப்பம்." கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு வாளி தண்ணீர் அள்ளினேன். திரும்பி வந்து, "போடும், போடும். நானும் ஓம் எண்டுதான் போடுவன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

தேர்தல் போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. ஏற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிஸ்கட் ரின்னில் பிளவு வெட்டி, மெழுகுதிரி உருக்கி முத்திரை வைத்த வாக்குப்பெட்டி. கடுதாசி மட்டைப் பெட்டியால் மறைப்பு. விரலுக்கு வைக்கச் சங்கத்து றபர் முத்திரையின் ஊதா மை. (அது மூன்று நாளாகியும் போகவில்லை. அன்றைய பட்டிஸ் எல்லாம் ஊதா நிறத்தில் இருந்ததாகப் பின்னர் முறைப்பாடு வந்தது.) நான் எழும்பி விளக்கம் கொடுத்தேன்: "ஆம், இல்லை எண்டு ரெண்டு கூடு இருக்கு. பொருத்தமான கூட்டுக்க ஒரு புள்ளடி போடவும்." புள்ளடி உங்களுக்குத் தெரியாததில்லை. குறுக்கே இரண்டு கோடு. எங்கள் நாட்டில் பாட்டன் காலந்தொட்டு வாக்குப் போடுவது அதால்தான்.

அப்போதுதான் குலசிங்கம் மாஸ்ரர் கையை உயர்த்தினார். மாஸ்ரர் முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவர். எங்கள் உறுப்பினர்களில் அரைவாசிப் பேர் சின்ன வயதில் அவரிடம் அடி வாங்கினவர்கள். "செயலாளர், எனக்கொரு சந்தேகம்" என்றார். "புள்ளடி எண்டாப் பிழை. சரி எண்டாச் சரி போட வேணும். நான் ஒரு லட்சம் கொப்பி திருத்தினனான். எனக்கு ஓம் எண்டு விருப்பமெண்டா, இல்லை எண்டதுக்குத்தானே புள்ளடி போட்டு அதை வெட்ட வேணும்?"

மண்டபம் ஒரு முறை அசைந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஜெமீல் நானா, கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், சாய்ந்திருந்த கதிரையிலிருந்து நிமிர்ந்தார். "என்ன மாஸ்டர் கதைக்கிறீங்க? நாப்பத்தஞ்சு வருசமா நான் வாக்குப் போடுறன். ஒருத்தருக்கு நேரா புள்ளடி போட்டா, அவரு எனக்கு வேணும் எண்டுதான் கருத்து. உங்கட கணக்குப்படி பாத்தா நான் இவ்வளவு காலமும் எனக்குப் புடிச்ச ஆளையெல்லாம் வெட்டியெல்லா இருக்கன்!"

மாஸ்ரர் விடவில்லை. "அது ஆளுக்கு. இது கேள்விக்கு. கேள்விக்கு விடை எழுதினாத் திருத்த வேணும். புள் எண்டாப் பறவை, தம்பி. புள்ளடி எண்டது பறவையின்ர காலடி. அதில ஓமுமில்லை, இல்லையுமில்லை. நாங்கள் குடுக்கிறதுதான் கருத்து."

"அப்ப கோழி ஒண்டு சீட்டுல நடந்து போனா அது செல்லுமா மாஸ்டர்?" என்றார் ஜெமீல் நானா. சிரிப்பில் நான் கொடுத்த விளக்கம் ஒருவருக்கும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் என்ன விளக்கம் கொடுப்பதென்று தெரியவில்லை. "மனச்சாட்சிப்படி போடுங்கோ" என்றேன். மருமகன், உங்கள் மாநிலத்தில் எவராவது எப்போதாவது அப்படி ஓர் அறிவுறுத்தல் கொடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போட்டார்கள். கடைசியாக நான். நானும் மனச்சாட்சிப்படி மறைப்புக்குப் பின்னால் போய், மூன்றாம் கேள்விக்கு மாமிக்குக் கொடுத்த வாக்கின்படி ஓம் என்றே அடையாளம் போட்டு, சீட்டை மடித்துக்கொண்டு பெட்டியை நோக்கி வந்தேன். பட்டிஸ் வாசனைக்கு உள்ளே வந்திருந்த கொம்பன் மான் ஒன்று, எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கும் முன்னமே, கையில் இருந்த சீட்டை இழுத்து எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கிவிட்டது. எல்லோரும் அந்த நேரம் மாஸ்ரரின் விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் இதை ஒருவரும் காணவில்லை. ஆனால் நடந்தது இதுதான். என் மனைவிக்காக நான் போட்ட வாக்கு ஒரு மானின் வயிற்றில் போய்விட்டது. அந்தத் துக்கத்தை நான் யாரிடம் சொல்வேன்?

பிஸ்கட் ரின்னைத் திறந்தோம். நாற்பத்திரண்டு சீட்டு. முதலாம் கேள்வியைப் பற்றி எழுதிப் பயனில்லை, சனம் கேற்றை விரும்புகிறதா மானை விரும்புகிறதா என்று இன்னும் தெரியாது. இரண்டாம் கேள்விக்கு முப்பத்தொரு பேர் கூட்டைக் கவனிக்காமல் ஓரத்தில் "இரண்டும்" என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் கேள்விக்கு இல்லைக்கு நேரே புள்ளடி இருபத்து நான்கு. ஆமுக்கு நேரே புள்ளடி பதினாறு. ஒருவர் சனாதிபதித் தேர்தல் நினைவில் ஆமுக்கு 1 என்றும் இல்லைக்கு 2 என்றும் விருப்பு வாக்குப் போட்டிருந்தார். அதாவது முதல் விருப்பம் சேர்க்கலாம், இரண்டாம் விருப்பம் சேர்க்கக்கூடாது. இன்னொன்றில் ஆமுக்குச் சரியும் இல்லைக்குப் பிழையும் போட்டு, கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தது. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இருவத்திநாலு பேர் வேணாம் எண்டிட்டாங்க" என்றார் ஜெமீல் நானா. "இருபத்திநாலு பேர் இல்லை எண்டதைப் பிழை எண்டு திருத்தியிருக்கினம். தீர்மானம் நிறைவேறிட்டுது" என்றார் மாஸ்ரர். யார் என்ன நினைத்துப் போட்டார்கள் என்று கேட்டால் இரகசிய வாக்கு என்கிறார்கள். கேட்காவிட்டால் முடிவு இல்லை. கடைசியில் மாஸ்ரர், புள்ளடி என்றால் வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்பதை ஒரு வாக்கெடுப்பு நடத்தித் தீர்ப்போம் என்றார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நான் புதுச் சீட்டு வெட்டத் தொடங்கிவிட்டேன். அப்போது ஜெமீல் நானா மெதுவாகக் கேட்டார்: "சரி, அந்தச் சீட்டுல என்ன அடையாளம் போடுற?" நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமி கேத்திலோடு குசினியிலிருந்து வந்தார். பின்னால் ஜெமீல் நானாவின் மனைவி லைலா பட்டிஸ் தட்டோடு. அதற்குப் பின்னால் மாஸ்ரரின் மனைவி. அதற்குப் பின்னால் மற்றவர்கள், மொத்தம் இருபத்தொன்பது பேர்.

"முடிவு வந்திட்டுதோ?" என்று மாமி கேட்டார்.

"முடிவு வந்திட்டுது. விளக்கம்தான் வரேல்லை" என்றேன் நான்.

"அப்ப நான் லேசாக் கேக்கிறன். எங்களைச் சேர்க்க வேண்டாமெண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ. உயர்த்தாத ஆக்களுக்குத் தேத்தண்ணி."

மருமகன், நாற்பத்து மூன்று ஆம்பிளைகளும் கையை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாஸ்ரர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துவிட்டார். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காது கடித்து அரைவாசிக்குக் கையைத் தூக்கினவர், மனைவி பார்த்த பார்வையில் காதைச் சொறியாமலே இறக்கிவிட்டார். "ஏகமனதாக நிறைவேறியது, எழுதுங்கோ செயலாளர்" என்று மாமி சொன்னார். நான் வழக்கம்போல் கொப்பியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இண்டைக்கு நீங்கள் எழுதுங்கோ" என்றார். எழுதினேன். எழுதியதை இன்னும் ஒருவராலும் வாசிக்க ஏலாமல் இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அன்றைக்கே இருபத்தொன்பது பேரும் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். புது உறுப்பினர் சேர்ந்தபடியால் பெப்ரவரி இருபத்து மூன்றாம் திகதி விசேட கூட்டம் கூட்டிப் புதுத் தெரிவு. செயலாளர் பதவிக்கு மாகிரட் அம்மாவின், அதாவது உங்கள் மாமியின், பெயரை லைலா பிரேரிக்க, மாஸ்ரரின் மனைவி வழிமொழிந்தாயிற்று. எதிர்த்துப் போட்டி போட நான் மட்டும்தான். என் பெயரைப் பிரேரிக்க இன்னும் ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஜெமீல் நானாவைக் கேட்டேன். "நானும் வீட்டுக்குத்தானே போகணும் பற்றிக்" என்றார்.

நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் துறைமுகக் களஞ்சியத்தில் இருந்தேன். ஓய்வுபெற்ற அடுத்த நாள் காலமை எழும்பி, குளித்து, சப்பாத்தும் போட்ட பிறகுதான் போக ஓர் இடம் இல்லை என்று விளங்கியது. விறாந்தையில் சப்பாத்தோடு பத்தரை மணி மட்டும் இருந்தேன். அந்தச் சப்பாத்துக்கு வேலை கொடுத்தது இந்தச் செயலாளர் வேலைதான். அது போனால் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. இதை மாமியிடம் சொல்ல எனக்கு வெட்கம்.

ஆகையினால் உங்களிடம் ஒரு சின்ன உபகாரம். உங்கள் மாநிலத்தின் பெயர் போட்ட தாளில், மேலே கழுகுப் படம் ஏதாவது இருந்தால் மிகவும் நல்லது, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து அனுப்புங்கள். வாக்குச்சீட்டில் கேள்வி கேட்டுக் குழப்பம் வந்தால் உலகம் முழுவதும் பழைய செயலாளரே தொடர்வதுதான் வழமை என்று இரண்டு வரி போதும். மாஸ்ரர் ஆங்கிலக் கடிதத்துக்கு எழும்பி நிற்கிறவர். கடிதத்தைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம், அதன் கடவுச்சொல் மாமிக்குத்தான் தெரியும்.

உங்கள் தொழிலும் இல்லறமும் மென்மேலும் ஓங்கவும், அந்தக் குளிரில் உங்கள் இருவருக்கும் தடிமன் பிடியாதிருக்கவும், நல்ல மாதா உங்கள் வீட்டை விட்டு ஒரு கணமும் நீங்காதிருக்கவும் ஆசீர்வதித்து விடைபெறும்,

அன்பு மாமா,
எஸ். பற்றிக்
செயலாளர் (இன்றுவரை)

பி.கு: இது மாமி எழுதுவது. மருமகன், மாமாவுக்கு ஆங்கில முகவரி எழுத வராது. அதனால் உறையை ஒட்டி, இது உங்கள் கண்ணுக்கு மட்டும் என்று சொல்லி, முகவரி எழுத என்னிடமே கொண்டுவந்து தந்தார். பசை அவ்வளவு நல்ல பசை இல்லை. அஞ்சலினாவுக்குப் படம் எடுத்து அனுப்பியாயிற்று, சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் என்று பதிலும் வந்தது.

மானைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றைக்கு மான் வந்தது உண்மை. அது சாப்பிட்டது ஜெமீல் நானாவின் பட்டிஸை. மாமா சீட்டோடு பெட்டிக்குக் கிட்டப் போய், நின்று, திரும்பி வந்ததைக் குசினி யன்னலால் பார்த்தனான். திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும்போது அவருடைய சேட்டுப் பையில் சீட்டு இருந்தது. மடித்தபடி, ஒரு மூலையும் கடிபடாமல். மூன்றாம் கேள்வியில் இல்லைக்கு நேரே புள்ளடி.

கேட்டால் மாஸ்ரரின் முறைப்படி போட்டதாகச் சொல்வார். நான் கேட்கவில்லை. மாஸ்ரரின் முறை என்றே எடுத்துக்கொண்டு, சீட்டைக் காயவைத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கழுகுப் படம் தேடி அலைய வேண்டாம். சப்பாத்துக் கதை எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போனது என் பிழையும்தான். அவர் பெயரைப் பிரேரிக்க ஆள் இல்லையாமே, நானே பிரேரிக்கிறேன் என்று இன்று காலை சொன்னேன். தேத்தண்ணி குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பிப் போய்ச் சப்பாத்துக்கு மை பூசினார்.

போட்டி போட்டிதான், நானும் விலகவில்லை. ஆனால் இருபத்து மூன்றாம் திகதி, அவருடைய பெயருக்கு நேரே நான் கட்டாயம் ஒரு புள்ளடி போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது எந்த முறைப்படி என்று அவர் இன்னும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.